தலைப்பாரம்

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் எனக்குத் தராசு வேலை.
கண்ணாடிக் கூண்டுக்குள் தட்டு.
மூச்சு பட்டாலும் எண் நகரும்.
கொலுசுக் கண்ணி எண்ணிப் போகும், நிறுத்து வரும்.
தரையில் சிந்திய பொடியையும்
கூட்டி அள்ளி எடை போடுவேன்.

முதலாளி நடேசப் பத்தருக்கு
வெள்ளிக்கிழமை ஆனால் வெள்ளி நினைப்பு போய்விடும்.
ரேஸ் புத்தகத்தை என் மேசைமேல் வைப்பார்.
"எடையெல்லாம் உன் பாடு, ரஞ்சிதம்."

குதிரையை நான் அதுவரை பார்த்ததில்லை.
பெயர், வயது, எதிரில் கிலோ. அவ்வளவுதான் குதிரை.
ஜெயித்ததற்கு அறுபது, ஜெயிக்காததற்கு ஐம்பது.
மறுபடி ஜெயித்தால் இன்னும் ஈயம்;
சேணத்துணிப் பையில் பட்டை பட்டையாய்ச் செருகுவார்களாம்.
தோற்றுக்கொண்டே இரு, இறக்கிவிடுவார்கள்.
எல்லாக் குதிரையும் ஒரே நொடியில்
கம்பத்தைத் தொட வேண்டும் என்பது
எடை எழுதுகிறவரின் ஆசை.
நானும் எடை எழுதுகிறவள்தான்,
எனக்கு அந்த ஆசை வந்ததில்லை.

ஈயம் எனக்குத் தெரியும்.
பழைய வெள்ளியைப் புடம் போடும்போது
ஈயம் சேர்த்து உருக்குவோம்.
அழுக்கையெல்லாம் இழுத்துக்கொண்டு
சாம்பலுக்குள் இறங்கிவிடும்.
வெள்ளி மட்டும் கண் விழித்து நிற்கும்.
குதிரைக்கும் அப்படித்தானோ என்று இருந்தேன்.
இல்லை.
அங்கே ஈயம் எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை.
சும்மா உட்கார்ந்து வருகிறது.

'மான்சூன் லெட்டர்' என்று ஒன்று.
வரிசையாய் மூன்று ஜெயிப்பு.
நாலாவதுக்கு அறுபத்தொன்றரை.
ஆயிரத்து அறுநூறு மீட்டர், கிலோவுக்கு ஒரு நீளம்,
கடைசி இருநூறில் அந்த ஒன்றரை பேசும் என்றேன்.
"ஜெயிக்கறது ஜெயிக்கும் போ" என்றார்.
கழுத்தளவில் தோற்றது.
எங்கள் தராசில் கழுத்துக்கு எண் கிடையாது.

அடுத்த வாரம் இரண்டு பேரை நிறுத்தினார்.
சாந்தகுமாரியின் பற்றவைப்பு என்னிடம் வந்தது.
மாரப்பனின் மெருகு என்னிடம் வந்தது.
"உன் கை வேகம். நீ தாங்குவே."
சம்பளம் நின்ற இடத்தில் நின்றது.
நான் எந்தப் பந்தயத்தில் ஜெயித்தேன்
என்று யோசித்துக்கொண்டே ஊதுகுழலை ஊதினேன்.

மே மாதம், தங்கை பிள்ளைகளோடு ஏற்காடு.
இருபது கொண்டை ஊசியிலும் பஸ் முனகியது,
நின்றுகொண்டு வந்தவர்கள் எங்கள்மேல் சாய்ந்தார்கள்.
ஏரிக்கரையில் ஒரு பழுப்புக் குதிரை.
நெற்றியில் கோணலாய் வெள்ளை.
"கிண்டில ஓடினதும்மா" என்றார் செபஸ்தி.
கிண்டியில் ஓடாத குதிரை
அந்தக் கரையில் ஒன்றுகூட இல்லை.
பெயர் கேட்டேன். ராஜா.
பக்கத்தில் நின்றதும் ராஜா.

சுற்றுக்கு நூற்றைம்பது.
யாரையும் நிறுக்கவில்லை, யாரும் எண் எழுதவில்லை.
என் கண் சும்மா இருக்குமா?
சின்னவன் பதினாறு. பெரியவள் இருபத்திரண்டு.
கூலிங் கிளாஸ் போட்ட புதுமாப்பிள்ளை தொண்ணூற்றிநாலு.
அவர் ஏறியபோது அது
பின்னங்கால் ஒன்றை ஓரங்குலம் தள்ளி வைத்தது.
வேறொன்றும் சொல்லவில்லை.

சேணத்தைத் தளர்த்தித் தண்ணீர் காட்டும்போது பார்த்தேன்.
முதுகுத் திமிலருகே, உராய்ந்து ஆறிய இடத்தில்
முடி வெள்ளையாய் முளைத்திருந்தது.
இந்தப் பக்கம் இரண்டு விரல்,
அந்தப் பக்கமும் இரண்டு விரல்.
யாரோ ஒரு காலத்தில்
ரொம்பச் சரியாய் நிறுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"நீங்க ஏறலயாம்மா?"
"ஐம்பத்தெட்டு" என்றேன்.
"இல்லம்மா, நூத்தம்பது" என்றார் செபஸ்தி.