முப்பது மீட்டர்

சஸ்கட்டூனுக்குத் தெற்கே
பதினெட்டாவது கிலோமீட்டரில்
சரளை தீர்ந்து மண்சாலை தொடங்கும் இடம்.
அவர் முன்னால், நான் பின்னால்.
இரண்டு பக்கமும் கனோலா,
கடுகுக்கு ஒன்றுவிட்ட தங்கை,
அடிவானம் வரை மஞ்சள்.
ஒளிந்துகொள்ள இடமே இல்லாத ஊர் என்று
வந்த புதிதில் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

ஹாலிஃபாக்ஸ் வேலைக்குத்
திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.
காலையிலிருந்து அதைப் பற்றி
பேசாமல் இருக்கிறோம்,
சத்தமாக.

மேற்கே வானம் முதலில் கத்தரிக்காய் நிறம்,
பிறகு அந்தக் கத்தரிக்காயைச் சுட்ட நிறம்.
காற்று நின்றது.
செயின் மட்டும் பற்களுக்குள்
எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தது.
பிறகு காற்று வந்தது,
நின்ற நேரத்துக்கும் சேர்த்து வட்டியோடு.
முதல் துளி, கைமுட்டியில்,
டாலர் நாணயம் அகலம்.

ஒரு மரமில்லை. ஒரு கூரையில்லை.
ஆறு கிலோமீட்டரில் ஒரு தானியக் கிடங்கு,
அதுவும் மின்னலுக்கு நேர்ந்துவிட்டதுபோல் நெட்டையாக.

"சைக்கிளைப் போடு! வேலிக் கம்பியைத் தொடாதே!
பள்ளத்தில் இறங்கு! குந்து, படுக்காதே!"
பொட்டாஷ் சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரி.
பால் பொங்கி வழிந்தாலும் அறிக்கை எழுதுகிறவர்.
நான் அவரிடம் ஓடினேன்.

"கிட்ட வராதே வாகினி!
முப்பது மீட்டர் தள்ளி இரு!"

சேர்ந்திருந்தால்
ஒரே மின்னல் இருவரையும் எடுத்துக்கொள்ளுமாம்.
தள்ளி இருந்தால்
மிஞ்சியவர் மற்றவர் நெஞ்சை அழுத்தி
எழுப்பிப் பார்க்கலாமாம்.
இருபத்திரண்டு வருடத்தில்
இவ்வளவு அன்பான ஒரு வாக்கியத்தை
இவ்வளவு கோபமாக அவர் சொன்னதில்லை.

குதிகால்களை ஒட்டி, காதைப் பொத்தி,
வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைபோல் குந்தினேன்.
மின்னியது. அவர் எண்ணுவது கேட்டது.
ஏழில் இடி.
அடுத்தது ஐந்தில்.
நானும் எண்ணத் தொடங்கினேன்,
அவருக்குக் கேட்கும்படி.
மழைக்குள் எண்கள் போய்வந்தன.
மூன்று.
இரண்டு.

கை மயிர்கள் எழுந்து நின்றன.

வெள்ளை.
புதுத்துணியைக் கிழிக்கும் ஓசை,
துணி மட்டும் வானத்தின் அகலம்.
பிறகு ஒரு தீய்ந்த வாசனை.

அவர் பக்கமிருந்து எண் வரவில்லை.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.
நாலாயிரம் கிலோமீட்டரை
வரைபடத்தில் விரலால் அளந்து வைத்திருக்கிறேன்.
இந்த முப்பதை
எதைக் கொண்டு அளப்பது?

"ஒன்று!"
காது அடைத்தவர்களின் உரத்த குரல்.
"ஒன்றுகூட இல்லை வாகி, அரை!"

அரை மணி கழித்து வானம்
எதுவும் நடக்காததுபோல் வெளுத்தது.
கனோலா ஒரே பக்கமாய் வாரிவிட்ட தலைபோல் படுத்திருந்தது.
களிமண் கவ்வி, சக்கரங்கள் உருள மறுத்தன.
தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம்.
என் ஒரு ஷூ அங்கேயே தங்கிவிட்டது.

"அங்கே இடி அதிகமோ?" என்றார்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
"மூடுபனிதான் அதிகமாம்."

"அதற்கும் ஏதாவது விதிமுறை இருக்கும்"
என்று சொல்லிக்கொண்டே
என் பிரேக்கில் அடைந்திருந்த சேற்றை
வீட்டுச் சாவியால் நோண்ட ஆரம்பித்தார்.