தொண்ணூறு கிராம்

டாக்ஸிக்காரரிடம் ஹீட்டரை முழுதாக வைக்கச் சொல்லி
பதினோரு தொட்டிகளையும்
பழைய கோட்டுகளில் சுற்றிக் கொண்டுவந்தேன்.
தாலின். பிப்ரவரி. மைனஸ் பதினெட்டு.
லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடி.
ஐம்பத்தெட்டு வயதில் ஒருவரோடு வாழப்போகிறவளுக்கு
வேறென்ன சீர்வரிசை.

கதவைத் திறந்தார் உர்மஸ்.
தோளில் அவருடைய காக்கடீல்:
சாம்பல் உடம்பு, ஆரஞ்சுக் கன்னம்,
என்னைப் பார்த்ததும் குத்திட்டு நின்ற கொண்டை.
பேர் ரோசின். உலர்திராட்சை என்று அர்த்தம்.
முத்தத்துக்கு முன்னால் அவர் கேட்டார்:
"அந்த ஓட்டை ஓட்டை இலை, என்ன செடி அது?"

அன்றிரவு சாப்பாட்டு மேசை கோர்ட்டானது.
அவர் மூக்குக்கண்ணாடியும் பென்சிலுமாக.
நான் பதினோரு பிள்ளைகளைப் பெற்றவளாக.

மான்ஸ்டெரா, மணிபிளாண்ட், டிஃபன்பாக்கியா:
இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள்,
ஒரு கொத்துக்கே வாய் வெந்துபோகும்.
பீஸ் லில்லியும் அந்தக் கூட்டம்தான்,
பேரைப் பார்த்து ஏமாறாதே என்றார்.
பெரணிக்கு விடுதலை.
ஸ்பைடர் பிளாண்டுக்கும்: "கிழித்தால் கிழிக்கட்டும்."
நான்கு ஆப்பிரிக்க வயலட்டுகளுக்கு
ஜன்னலோரம் இடம்.

கடைசியில் அவகாடோ.
விவாகரத்து முடிந்த வாரம்
கொட்டையில் மூன்று தீக்குச்சி குத்தி
டம்ளர் தண்ணீரில் நிறுத்தியது.
ஆறு வருஷம். இப்போது என் இடுப்பு உயரம்.
பென்சில் அங்கே ரொம்ப நேரம் நின்றது.
"இது இதயத்தை நிறுத்திவிடும், ஹெல்வே" என்றார்.
"பறவையின் இதயத்தை" என்று
பிறகு சேர்த்துக்கொண்டார்.

தொண்ணூறு கிராம்.
இரண்டு முட்டை எடை வராத ஒன்றுக்காக
என் அவகாடோ நாலாம் மாடிக்கு இறங்கியது,
லெம்பித்தின் ஷூ அலமாரிக்குப் பக்கத்தில்.
மற்ற நாலும் நான் வேலைபார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு.
அங்கே எப்படியும்
வாய் வெந்தவர்கள்தான் வருகிறார்கள்.
மூன்று நாள் உர்மஸோடு பேசவில்லை.
கொண்டைக்காரனோடும்.

என் வாணலியை யாரும் விசாரிக்கவில்லை.

மார்ச் முதல் வாரம். உர்மஸ் வேலைக்குப் போயிருந்தார்.
மகனிடமிருந்து போன், வழக்கம்போல் நீண்டது.
அடுப்பில் காலி வாணலி, தோசை ஒட்டாத கறுப்புப் பூச்சு,
என் மூக்குக்கு அது வெறும் சூடு.
ரோசின் கம்பியிலிருந்து விழுந்தது
ஒற்றைக் கையுறை விழுவதுபோல் கேட்டது.

திறந்தேன். எல்லா ஜன்னலையும்.
உள்பக்கம் திறக்கும் கதவுகள்
வயலட்டுகளைத் தள்ளிவிட்டன போல,
காலடியில் மண் நெரிந்தது.
குனியவில்லை.

ஸ்வெட்டருக்குள் அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.
ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது.
லெம்பித் ஒன்றும் கேட்கவில்லை.
உட்கார இருந்த ஒரே ஸ்டூல்
அவகாடோவுக்குக் கீழே.
உட்கார்ந்தேன்,
ஒரு கையால் கிளையை விலக்கிப் பிடித்தபடி,
மறு கையால் ஸ்வெட்டருக்கு மேலே
அந்தச் சின்னத் துடிப்பை மூடியபடி.
பறவைக்கு ஆக்ஸிஜன் வைப்பார்களா மாட்டார்களா என்று
யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார் லெம்பித்,
ஒரு காலில் மட்டும் ஷூவோடு.

ரோசின் பிழைத்தது.
வயலட்டுகள் பிழைக்கவில்லை.
ஒரு மணி நேரக் குளிரில்
வேகவைத்த கீரைபோல் கறுத்துத் துவண்டிருந்தன.
உர்மஸ் மண்ணைப் பெருக்கினார்.
வாணலியைக் குப்பையில் போட்டார்.
தன் பட்டியலை எடுத்துப் பார்த்தார், மடித்தார்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்
சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

ஞாயிறுதோறும் நாலாம் மாடிக்குப் போகிறேன்,
அவகாடோவுக்குத் தண்ணீர் ஊற்ற.
திரும்பி வந்தால்
கை கழுவினாயா என்று அவர் கேட்பதில்லை.
ரோசின்தான் என் விரல் ஒவ்வொன்றையும்
அலகால் புரட்டிப் பார்க்கிறது,
பிறகு போய்
ஸ்பைடர் பிளாண்டைக் கிழிக்கிறது.