கணக்கில் சேராத பத்தி

நூற்றாண்டு மலருக்கு
எட்டுப் பக்கம் வரலாறு வேண்டுமென்றார் செயலாளர்.
பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன்.
முதல் பன்னிரண்டு வருஷங்களைக்
கரையான் எனக்கு முன்பே வாசித்து முடித்திருந்தது.

மிஞ்சியது ஒரு சேர்க்கைப் பதிவேடு.
பெயர், ஊர், சபை, குத்துமதிப்பாக வயது,
கைம்பெண்ணா இல்லையா,
விலகிய காரணம்.
காலரா. கலியாணம். காலரா.
சமையல் பிடிக்கவில்லை என்று ஒருத்தி.
முப்பத்தேழாம் எண்: யேசடியாள், செக்கானூரணி.
புருஷன் கடுதாசியை வாசிக்கப் பழகிக்கொண்டாள்,
போய்விட்டாள்.

நாற்பத்தொன்றாம் எண்ணும் யேசடியாள்,
அதே செக்கானூரணி.
இடையில் நாலு மாதம்.

சாட்சி நோட்டில் அவளே எழுதியிருக்கிறாள்,
மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல்:
கண்டிச்சீமைக் கடுதாசியை
உபதேசியார்தான் வாசித்துச் சொல்வாராம்.
சுகம், வருகிற தையில் வருகிறேன்.
ஆறு தை அப்படிப் போயிருக்கிறது.
அவளே எழுத்துக் கூட்டிய அன்று
இரண்டாம் கடுதாசியிலேயே
அங்கே இன்னொருத்தி இருந்தாள்.
நாலாவதில் பிள்ளை பிறந்திருந்தது.
உபதேசியார் மேல் கோபமில்லை என்று எழுதி
அந்த வரியை அடித்திருக்கிறாள்.

பிறகு இருபத்தாறு வருஷம்
வெள்ளைச் சேலை, குடை, துணிப்பை,
உசிலம்பட்டிச் சாலைக்கு இருபுறமும் ஊர்கள்.
மூன்று மாதத்துக்கொருமுறை துரைசாணிக்குக் கணக்கு:
பார்த்த வீடு, கேட்ட பெண்கள், விற்ற சுவிசேஷம்.
அச்சடித்த மூன்று பத்திக்கு அப்பால்
ஓரத்தில் பென்சிலால் நாலாவது ஒன்று:
வாசித்த கடுதாசி.

சுவிசேஷம் இரண்டு, கடுதாசி நாற்பது.
சுவிசேஷம் இல்லை, கடுதாசி ஐம்பத்திரண்டு.
"இது கணக்கில் சேராது"
சிவப்பு மையில் துரைசாணி.
அடுத்த தாளில் பத்தி இன்னும் அகலம்.
ஒவ்வொரு கடுதாசிக்கும் நேரே
உள்ளபடி, உள்ளபடி, உள்ளபடி.
ரங்கூன் கடுதாசி ஒன்றுக்கு மட்டும்
உள்ளபடி; இருட்டும்வரை கூட இருந்தேன்.

ஒரே ஓர் இடத்தில் அந்தச் சொல் இல்லை.
"கருமாத்தூர். பிள்ளை பெற்று மூன்றாம் நாள்.
ஒரு வரி விட்டு வாசித்தேன்.
நாற்பது கழித்துப் போய் வாசிக்க வேணும்."

போனாளா?
மண் உதிர உதிரத் தாள்களைப் புரட்டினேன்.
கருமாத்தூர் மறுபடி வருகிறது.
வீடு ஒன்று. பெண் ஒன்று. கடுதாசி ஒன்று.
நேரே எதுவும் எழுதவில்லை.
பென்சில் முனை அழுந்திய
ஒரு புள்ளி மட்டும்.

செயலாளர் போன் செய்தார்.
ஜவுளிக்கடை விளம்பரம் வந்துவிட்டதாம்,
வரலாறு நாலு பக்கம் போதுமாம்,
துரைசாணிகள் படம் ஆறும் கட்டாயமாம்.
சரி என்றேன்.
முப்பத்தேழாம் எண்ணிலிருந்து
எழுதத் தொடங்கினேன்.