பழசாக்கும் குமிழ்

போனஸ் வந்த மூன்றாம் நாள்
ஆம்பூரிலிருந்து வேலூருக்கு
நின்றுகொண்டே வந்தேன்.
கைப்பையில் தயாளன் எழுதித் தந்த சீட்டு:
பியானோ ஒலி நிஜமாக இருக்கணும்.
பழைய ஆர்கன், பழைய எலக்ட்ரிக் பியானோ இருக்கணும்.
நாற்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது.
கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

முதல் கீபோர்டில்
எண்பத்தெட்டுக் கட்டை.
ஒவ்வொன்றும் கொஞ்சம் யோசித்துத்தான் இறங்கியது.
தட்டினால் அதட்டல், தடவினால் முணுமுணுப்பு.
பெடலை மிதித்தபடி கையை எடுத்தேன்.
ஒலி மேலே போய்
ஏ.சி. காற்றில் நின்று
ஆறி அடங்கியது.
"இருபத்திரண்டு கிலோ மேடம்" என்றான் இம்தியாஸ்.
வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
என்னிடம் இருப்பது
ஒரு ஸ்கூட்டி, ஒரு முதுகு.

அடுத்தது, ஒரு கையில் தூக்கலாம்.
அறுநூறு ஒலிகள்.
ஹெலிகாப்டர் உண்டு, நாய் உண்டு.
பியானோ மட்டும்
எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூன் விழுந்த மாதிரி.

மூன்றாவதில் ஒரு குமிழ்.
"இது பழசாக்குற குமிழ்" என்று திருகிக் காட்டினான்.
இந்தப் பக்கம் வைத்தால் நேற்று பிரித்த பெட்டி.
அந்தப் பக்கம் திருகத் திருக
அடியில் ஒரு ரீங்காரம் கிளம்பியது,
கட்டைக்குக் கட்டை சுருதி ஒரு நூல் விலகியது,
ஆர்கனில் விசிறி சுற்றும் அலைவு,
எலக்ட்ரிக் பியானோவில்
எங்கோ ஒரு கம்பி லூசான நடுக்கம்.
நாற்பது வருஷம் லாரியில் அடிபட்ட ஒலி.
இந்தக் குறைகளுக்காக
விலை ஆறாயிரம் கூட.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நானும் இதே வேலைதான்.
ஃபினிஷிங் செக்‌ஷன், இரண்டாவது லைன்.
புது ஷூவில் மெழுகு தேய்த்து
சுழலும் பிரஷ்ஷில் காட்டி
மூக்கையும் குதிகாலையும் கருக்கி
யாரோ பத்து வருஷம் நடந்ததுபோல் ஆக்கிப்
பெட்டியில் வைப்பேன்.
கால் படாத பழசு.
ஜோடிக்கு ஏழு நிமிஷம்.
கூடத் தேய்த்தால் ரிஜெக்ட்.
குறையத் தேய்த்தாலும் ரிஜெக்ட்.

அதனால் எனக்குத் தெரியும்,
இந்தக் குமிழுக்குப் பின்னாலும்
எந்த ஊரிலோ ஒருத்தி
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
எவ்வளவு கரகரப்பு போதும் என்று
நாள் முழுக்கக் கேட்டிருப்பாள்.
சாயங்காலம் அவளுக்கும்
காது வலித்திருக்கும்.

"ஒண்ணு கேக்கவா மேடம்?
அந்தக் கறுப்புக் கட்டையை மட்டும்
ஏன் தாண்டித் தாண்டிப் போறீங்க?"

குனிந்து பார்த்தேன்.
எஃப் ஷார்ப்.
வீட்டில் இருப்பதில் அது செத்து நாலு வருஷம்.
ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி
கேக் தூளைத் தேடி எறும்பு உள்ளே போனது.
அன்றிலிருந்து ஜி மேஜர் பாட்டையெல்லாம்
சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட தெருவில்
ஸ்கூட்டி ஓட்டுவதுபோல்
பள்ளத்தைச் சுற்றி ஓட்டுகிறேன்.
சபையில் யாரும் கேட்டதில்லை.
தயாளன்கூட.
பத்தே நிமிஷத்தில்
இந்தப் பையன் பிடித்துவிட்டான்.

அழுத்தினேன்.
ஒலித்தது.
இன்னொரு தடவை அழுத்தினேன்.

நாற்பத்தாறு சொன்னார்கள்.
நாற்பத்திமூன்றில் நின்றது, உறை இலவசம்.
ஸ்டாண்டு வேண்டாம் என்றேன்,
இஸ்திரி மேசை இருக்கிறது.
தயாளனின் இரண்டு கோட்டுக்கு
இனிமேல்தான் பதில் யோசிக்கணும்.

பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
"உள்ளே என்னம்மா?"
"பியானோ."
பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மாதனூர் இறங்கறவங்க முன்னே வாங்க என்று
போய்விட்டார்.

ராத்திரி எல்லோரும் தூங்கியபின்
ஹெட்போன் மாட்டி
குமிழைப் புதுசுப் பக்கம்
கடைசிவரை திருகி வைத்தேன்.
வேலை நேரம் முடிந்துவிட்டது,
இனி நான் எதையும் தேய்க்கப் போவதில்லை.
கரகரப்பு வேண்டுமென்றால்
எறும்புகள் வரட்டும்.