மன்றப் பொருளாளர் எழுதுவது

உறுப்பினர்கள் நாற்பத்தொன்று.
சந்தா பாக்கி பதினாறு பேர்,
பெயர் சொல்லவில்லை, அவரவருக்குத் தெரியும்.
சி.டி. அடித்தது நாற்பத்தைந்து.
மிச்சம் நான்கும் வாசித்தவர்களுக்கு.

கேசட்டுகள் கிடைத்தது
முஸ்தாக்கின் அக்கா வீட்டுப் பரணில்,
குக்கர் அட்டைப்பெட்டிக்குள்.
மொத்தம் ஏழு. இரண்டில் பூஞ்சை.
ஒன்றின்மேல் யாரோ
பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலைப் பதிந்திருந்தார்கள்.
பென்சீன் வளையம் மூடுமுன்
பாதிச் சொல்லில் துவாரகநாத்தின் கிடார் பாய்கிறது.
அந்தப் பாதிச் சொல்லையும் சேர்த்திருக்கிறோம்.

'யாரும் கேட்காத பாட்டுகள்' என்று
அட்டையில் போடலாம் என்றாள் லோகேஸ்வரி.
நாம் கேட்டோமே என்றேன்.
மாமாங்கத்தில், சுரங்கத்தாரின் லாரி ஷெட்டுக்கு வெளியே
வேலிக்கு இப்பால்
சனிக்கிழமைதோறும்
செருப்பு வெளுக்கும்வரை நின்று.
வெள்ளைக்கல் என்று பேண்டுக்குப் பெயர் வைத்தவர்கள் அவர்கள்.
அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உதறியவர்கள் நாங்கள்.

மூன்றாவது பாட்டுக்குப் பெயரில்லை.
மதியம் ஒரு மணிக்குச் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள்.
அன்று அது
முஸ்தாக் கையை ஓங்கிய தாளத்திலேயே விழுந்தது.
வாசிப்பதை விட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்.
பிறகு ஒன்பது முறை
ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் தொடங்கிப் பார்த்திருக்கிறார்கள்.
ஒன்பதும் இருக்கிறது.
கரடு ஒத்துழைக்கவில்லை.

ஐந்தாவதில் கரண்ட் போகிறது.
கிடார் செத்தது, பேஸ் செத்தது.
மைக் இல்லாத பிரதாபன்
ரயில் கிளம்பியபின் யாரையோ கூப்பிடுகிறவன்போல்
தூரத்தில் கத்துகிறான்.
டிரம்ஸ் நிற்கவில்லை.
தோலுக்கு ஏது மின்வெட்டு.
நான்கு பேட்டரியில் ஓடிய ரெக்கார்டர்
இருட்டையும் சேர்த்து நாலரை நிமிடம் எடுத்துக்கொண்டது.

இனி, கூட்டத்தில் தகராறான விஷயம்.
ஆறாவது பாட்டுக்கு முன் ஜெரால்டின் குரல்:
"வெளிய நிக்குது பாரு நம்ம கும்பல்.
சுருதி சேக்கறதப் பதிஞ்சு குடுத்தாக்கூட
காசு குடுத்து வாங்குவாங்க."
நாலு பேரும் சிரிக்கிறார்கள்.
நாங்கள் சிரிக்கவில்லை, பதினான்கு வருடம் கழித்து,
அஸ்தம்பட்டியில் பெலிக்ஸ் கடை மாடியில்.
வெட்டச் சொன்னவர்கள் பன்னிரண்டு.
விடச் சொன்னவர்கள் பன்னிரண்டு.
தட்டுவடை செட் செலவு நானூற்றுப் பத்து.
கடைசி ஓட்டு என்னுடையது.

ஆகவே கடைசித் தடம் பாட்டில்லை.
மூன்று நிமிடம் பதினொரு விநாடி
சுருதி சேர்க்கிறார்கள்.
கம்பி ஏறுகிறது, இறங்குகிறது,
ஏறுகிறது.
வேலிக்கு வெளியே யாரோ இருமுகிறார்கள்.
நானாக இருக்கலாம். அப்போது எனக்குச் சளி.
பிரதி நூற்றிருபது ரூபாய்.
காசு குடுத்துத்தான் வாங்கினோம்.

ஜெரால்டின் பிரதியை நானே கொண்டுபோனேன்,
இருபது கொண்டை ஊசியிலும் மடியில் வைத்து.
ஏற்காட்டில் அவருக்கு மிளகுக் கடை.
'ஜெர்ரி' என்று போடாமல் முழுப் பெயர் போட்டதற்கு நன்றி என்றார்.
ஜீப்பில் போட்டுக் கேட்டார்.
கண்ணாடியெல்லாம் பனி.
தன் குரல் வந்தபோது
வைப்பரைப் போட்டார், நிறுத்தினார்,
என் பக்கம் திரும்பவில்லை.
கடைசித் தடத்தில் மட்டும்
இடது கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்து
இல்லாத முறுக்காணியை ஒரு இழை திருப்பியது.
"இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்றார்.
முடியும்வரை இறங்கவில்லை.

வரவில் சேர்க்கிறேன்:
மிளகு, கால் கிலோ.
விலை போடவில்லை.