கோட்டுக்குக் கீழே

மண்டூர்த் துறையில் காலைப் பாதை.
மோட்டார் சைக்கிள்களுக்கும் தயிர்ச்சட்டிகளுக்கும் நடுவே
பைலை நெஞ்சோடு அணைத்து நிற்கிறேன்.
"எங்க டீச்சர், மீட்டிங்கா?"
ஓம் என்றேன்.
குருமண்வெளி வரும்வரை அந்த ஓம்
தண்ணீருக்கு மேலே கூடவே வந்தது.

இரவெல்லாம் யோசித்தது சாரியைப் பற்றி.
நல்லதைக் கட்டினால் வசதி என்பார்கள்,
பழையதைக் கட்டினால் நடிப்பு என்பார்கள்.
நல்லதையே கட்டினேன்.
தோள் மடிப்புக்குள் ஒரு தையல் இருக்கிறது,
தேவையென்றால் காட்டலாம்.

களுவாஞ்சிகுடியில் சட்ட உதவிக் காரியாலயம்.
நீட்டு வாங்கில் எனக்கு முன் ஏழு பேர்,
ஒருத்தியின் கையில் மாக்கட்டு.
"மிசிஸ் கேதாரினி பிரதீஸ்காந்."
எழும்புவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

தொழில்?
முன்பள்ளி ஆசிரியை.
பேனை நின்றது.
"அப்ப சம்பளம் வருமே?"
சம்பளமில்லை மேடம், கொடுப்பனவு.
மூன்று மாதத்துக்கு ஒருக்கா, சிலவேளை நாலு.
தொகையைச் சொன்னேன்.
திரும்பச் சொல்லச் சொன்னா.
ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டேனோ என்று
எனக்கே சந்தேகம் வந்தது.

அசையாச் சொத்து?
வீடு. என் பேரில்.
அம்மாவின் சீதன வளவில் அப்பா போட்ட அத்திவாரம்,
பாதிக்குக் கூரை, பாதிக்கு வானம்.
எங்கள் பக்கம் ஆம்பிளைதான் பெட்டியோடு வருவான்.
போகும்போதும் பெட்டி மட்டும் என்றுதான் இருந்தேன்.
கிணற்று மோட்டரைக் கழற்றிக்கொண்டு போனதை எழுத
படிவத்தில் இடமில்லை.

கணவரின் வருமானம்?
கட்டாரில் லொறி ஓட்டுகிறார்.
"எவ்வளவு அனுப்புவார்?"
அது வந்திருந்தால்
இந்த வாங்கில் ஏன் இருக்கிறேன் மேடம் —
வாய்வரை வந்தது, விழுங்கினேன்.
இல்லை என்பதை எண்ணால்தான் எழுத வேண்டுமாம்.
ஏழு வருடக் கலியாணத்தை
ஒரு வட்டமாகப் போட்டேன்.

கிராம சேவகர் கடிதத்தை நீட்டினேன்.
'குறைந்த வருமானமுடையவர் என உறுதிப்படுத்துகிறேன்.'
அவரின் மகள் என் வகுப்பில்தான்.
முத்திரை குத்தும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.
அன்று பகல் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர்
வழமைக்கு மாறாகச் செருப்பைக் கழற்றிவிட்டு
வாசலில் நின்றார்.

எங்கள் முன்பள்ளிச் சுவரில் காகித ஒட்டகச்சிவிங்கி,
அதன் கழுத்தில் மஞ்சள் கோடு.
மாதத்துக்கு ஒருக்கா உயரம் பார்ப்பேன்.
கோட்டை எட்டவேண்டுமென்று எல்லாம் எம்பும்.
குதியைக் கீழே வை மகன், கள்ளம் கூடாது என்பேன்.
இன்று மேசைக்கு இந்தப் பக்கம்
யாருக்கும் தெரியாமல்
முழங்காலை மடிக்கிறேன்.

கல்குலேட்டரை இரண்டு தரம் தட்டினா.
"தகுதி இருக்கு."
எனக்குச் சட்டென்று கைதட்ட வந்தது,
ஒரு நட்சத்திரம் ஒட்டுவார்களோ என்றுகூட.
பிறகுதான்
எதற்குத் தகுதி என்பது உறைத்தது.
"லோயர் பேர் பிறகு அறிவிப்பம்.
கலியாண எழுத்துப் பிரதி மறக்க வேணாம்."

பின்னேரப் பாதையிலும் அதே ஆள்,
தயிர்ச்சட்டி எல்லாம் வெறுமை.
"மீட்டிங் எப்படி?"
பாஸ் என்றேன்.
சிரித்தார்.
கயிறு அவிழ்த்தார்கள்.

திங்கட்கிழமை உயரம் பார்க்கிற நாள்.
சுமுகனுக்கு
இன்னும் ஒரு விரல்.