காலி டிரம்

உரக்கடை மாடியில்தான் எங்கள் தொழுகை.
கீழே பொட்டாஷ், யூரியா, பூச்சிமருந்து.
திரைக்கு இந்தப் பக்கம் ஏழு பெண்கள்;
சஜ்தாவில் நெற்றி பாயைத் தொடும்போது
உருளைக்கிழங்குப் பாத்திக்குள்
முகம் வைத்தது மாதிரி இருக்கும்.
முதலில் இருமல் வந்தது.
இப்போது அந்த நெடி இல்லாமல்
வேறு ஊர்ப் பள்ளியில் தொழுதால்
ஏதோ ஒரு ரக்அத் விட்டுப்போன சந்தேகம்.

கேத்தி பாலாடாவில் நாங்கள் பதினேழு குடும்பம்.
ஒலிபெருக்கி வாங்கினோம்,
அட்டைப்பெட்டியில் இருக்கிறது.
"இப்போதைக்கு வேண்டாம்" என்றார் மீராசா.
யாரும் எதிர்க்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.
இப்போதைக்கு என்பது
நான்கு வருடமாய் எங்கள் கதவு எண்.

ரேஷன் அட்டையில் ஊர் இதுதான்.
கேஸ் புத்தகத்தில் இதுதான்.
என் மகள் ஜமீமாவுக்கு
இந்த மேட்டில்தான் பல் விழுந்தது.
ஆனாலும் குன்னூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்
"பாலாடாவா? அது சரி,
சொந்த ஊரு எது?" என்பார்.
கம்பம் என்றால் முகம் தெளியும்,
மிச்சச் சில்லறை சரியாக வந்ததுபோல.

ஜோகி கவுடரின் கேரட் ஷெட்டில்
பகலில் நான் கணக்கு எழுதுகிறேன்.
வேலை நடப்பது இரவில்.
மலையே போர்த்திக்கொண்டு கிடக்கையில்
இரும்பு டிரம் சுழலும்.
மண் போய், வேர்மயிர் போய்,
மூட்டை மூட்டையாய்ச் சிவப்பு வந்து விழும்.
கவுடர் படுக பாஷையில் எண்ணுவார்,
லாரிக்காரர் மலையாளத்தில்,
ஜார்கண்ட் பையன்கள் விரலில்.
காலையில் எனக்கு வரும் கூட்டுத்தொகையில்
பாதி நாள் ஒரு மூட்டை உதைக்கும்.

நோன்பு இந்தத் தடவை மாசியில்.
வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி படியும் குளிர்.
அலாரம் வைப்பேன், அணைப்பேன்.
ஆனால் மூன்றரைக்கு
டிரம்மின் கடகடப்பு சரிவில் ஏறி வரும்,
ஒவ்வொரு வீடாக விளக்கு எரியும்.
அடுப்பைப் பற்றவைத்துச்
சோற்றைச் சுடவைத்துவிடுவேன்.
மெஷின் சத்தத்தைத் திட்டியபடியே
அதை நம்பி எழுந்தோம் எல்லோரும்.

நோன்பின் நடுவில் விலை விழுந்தது.
கிலோ ஆறு ரூபாய், பறிக்கிற கூலிக்கே பற்றாது.
கேரட்டை மண்ணிலேயே விட்டுவிட்டார்கள்.
ஐந்து நாள் லாரி இல்லை.
அந்த ஐந்து நாளும்
நாங்கள் சஹருக்கு எழுந்தோமே, எப்படி?
எனக்குத் தோன்றவே இல்லை.

மாசக் கடைசியில் பேரேட்டைத் திறந்தேன்.
லோடு: கோடு. லோடு: கோடு. கோடு.
டீசல்: இரண்டு லிட்டர், இரண்டு லிட்டர்,
ஐந்து வரிசையிலும், கவுடரின் சாய்ந்த கையெழுத்தில்.

"இது என்ன செலவு?" என்றேன்.
"ஓட்டாம விட்டா பேரிங் புடிச்சுக்கும்மா."
"ராத்திரி மூன்றரைக்கா?"
கம்பளித் தொப்பியைக் கழற்றி
உள்ளே எதையோ தேடினார்.
"பெருநாள் புதனா வியாழனா?
லாரிக்காரனுக்குச் சொல்லணும்" என்று
வெளியே போய்விட்டார்.

எந்தத் தலைப்பில் எழுதுவது?
எரிபொருள் என்றால் லோடு எங்கே என்பார் ஆடிட்டர்.
தர்மம் என்றால் கவுடர் கோபிப்பார்,
எனக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை.
பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு
"பேரிங்" என்று மட்டும் எழுதினேன்.

மீராசாவிடம் சொன்னேன்.
தாடியைத் தடவினார்.
"அப்ப நம்மால அவருக்கு
பத்து லிட்டர் கடன்" என்றார்.
கொடுத்தால் வாங்குவாரா என்று
பதினேழு வீட்டிலும் பேச்சு.
இன்னும் முடிவாகவில்லை.

நேற்று பஸ்ஸில் மறுபடி ஒருவர்,
நல்ல மனிதர், ஜன்னலைக்கூட மூடிக்கொடுத்தார்.
சொந்த ஊரு எது என்றார்.
வாய்வரை வந்தது வேறொன்று.
கம்பம் என்றேன், பழக்கத்தில்.
எங்களைத் தாண்டி ஒரு கேரட் லாரி
வளைவில் இறங்கியது,
பின்னால் ரோடெல்லாம் ஈரம்.